ஒரே படிப்பு, வேறு வேறு சம்பளம்: கணினித் துறைப் பிள்ளைகளும் ரிஸ்க்கும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர், போத்தனூர் போன்ற நம் மஹல்லாக்களில் ஒரு தலைமுறைக்கு முன்னர் பிள்ளைகள் படிப்பை முடித்ததும் கடைக்கோ பட்டறைக்கோ சென்றனர். இன்று அவர்களில் பலர் காலையில் சரவணம்பட்டிக்கும் கீரணத்தத்திற்கும் விளாங்குறிச்சிக்கும் செல்கின்றனர். நம்மிடம் மக்தபில் அலிஃப், பே ஓதிய பிள்ளைகள் கணினிப் பொறியாளர்களாகி, பெற்றோரின் கடனை அடைத்து, தம்பி தங்கையரைப் படிக்க வைப்பதைக் காணும்போது உள்ளம் குளிர்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆயினும் அந்தப் பெற்றோர் அண்மைக் காலமாக நம்மிடம் கொண்டுவரும் மனக்குறை ஒன்று உண்டு. "ஹஜ்ரத், ரெண்டு பேரும் ஒரே காலேஜ், ஒரே படிப்பு. அந்தப் பையனுக்கு மாசம் எழுபதாயிரம். எங்க பையனுக்கு இருபத்தஞ்சாயிரம். இவன்கிட்ட என்ன குறை?" இக்கேள்வி வீட்டுக்குள் எழும்போது அது வெறும் கேள்வியாக நிற்பதில்லை. பிள்ளை வாய்மூடிப் போகிறான். உறவினர் வந்தால் அறைக்குள் சென்றுவிடுகிறான். சம்பளத்தைக் கூட்டிச் சொல்லப் பழகுகிறான். நிக்காஹ் பேச்சில் தொழுகையையும் குணத்தையும் விசாரிக்கும் முன்னரே ஆண்டு ஊதியம் விசாரிக்கப்படுகிறது. எண் சிறியதாயின் பேச்சு அங்கேயே முறிகிறது.

ஆகவே இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, மார்க்கம் இதுபற்றி நமக்கு என்ன கற்பிக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நலம். நாம் சொல்ல விரும்புவது சுருக்கமானது: சம்பளத்தின் பெரும்பகுதி, நிறுவனம் எவ்வழியில் பொருளீட்டுகிறது என்பதைக் காட்டுகிறது. அதைப் பிள்ளையின் மதிப்பாகக் கொள்வது அறியாமை. சில வேளைகளில் அநீதியும் ஆகும்.

கூலித் தறியும் சொந்தத் தறியும்

கொங்கு நாட்டில் வாழும் நமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று. சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறியாளரைப் பாருங்கள். பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளருடையவை. நெய்து கொடுத்த மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. துணி சந்தையில் என்ன விலைக்குப் போனாலும் கூலி மாறாது. கூலியை உயர்த்தக் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடுவதை நாம் அறிவோம். அதே தறியை, அதே திறமையோடு, சொந்த நூலில் ஓட்டித் தன் பெயரில் துணி விற்பவரின் வருவாய் வேறு. திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு தையற்கூடத்திற்கும், தன் பெயரில் பனியன் விற்கும் நிறுவனத்திற்கும் உள்ள வேறுபாடும் இதுவே.

மென்பொருள் துறையிலும் இவ்விரு வகையும் உண்டு. டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ, காக்னிசன்ட் போன்றவை பெரும்பாலும் சேவை நிறுவனங்கள். வெளிநாட்டு வங்கிக்கோ, மருந்து நிறுவனத்திற்கோ, கடைத்தொடருக்கோ அவர்கள் கேட்கும் மென்பொருளை எழுதியும் பராமரித்தும் கொடுக்கின்றன. எத்தனை பேர், எத்தனை மணி நேரம் உழைத்தனர் என்ற கணக்கில்தான் இவ்வகை வேலைக்குப் பெரிதும் விலை பேசப்படுகிறது. எனவே வருவாய் பெருக ஆட்கள் பெருக வேண்டும். இலாபம் நிற்க, புதிதாகச் சேர்வோரின் ஊதியம் தாழ்ந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் பல்லாயிரம் பட்டதாரிகள் வாசலில் நிற்பதால் அதைத் தாழ்த்தி வைக்கவும் முடிகிறது.

இரண்டாம் வகை, தன் பொருளைத் தானே ஆக்கி விற்கும் நிறுவனம். ஒருமுறை எழுதிய மென்பொருளை நூறு பேருக்கும் விற்கலாம், நூறாயிரம் பேருக்கும் விற்கலாம். விற்பனை பத்து மடங்கு உயர, ஆட்கள் பத்து மடங்கு தேவைப்படுவதில்லை. ஒரு தொழிலாளியின் பேரில் வரும் வருவாய் மிகுதியாதலால் ஊதியத்தையும் மிகுதியாகத் தர இயல்கிறது. ஆனால் பொருள் விலைபோகாவிடில் நிறுவனமே மூடப்படும். மூன்றாம் வகை, வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே தமக்கென நடத்தும் மையங்கள். நம் கோவையில் போஷ் நிறுவனத்தின் மென்பொருள் மையம் அத்தகையது. இடையில் ஒப்பந்தக்காரர் இல்லாததால் இம்மையங்களில் ஊதியம் பெரும்பாலும் சேவை நிறுவனங்களைவிடக் கூடுதலாக இருக்கும்.

எண்களைப் பார்த்தால் இடைவெளி தெளிவாகும். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் காக்னிசன்ட் அறிவித்த ஆண்டுக்கு 2.52 லட்சம் ரூபாய் என்னும் ஊதியம் நாடெங்கும் பேசப்பட்டது. மாதத்திற்கு 21,000 ரூபாய். அது மூன்றாண்டுப் பட்டம் படித்தவர்களுக்கானது என்றும், பொறியியல் பட்டதாரிகளுக்கு 4 லட்சம் முதல் 12 லட்சம் வரை தருவதாகவும் அந்நிறுவனம் பின்னர் விளக்கியது. அவ்விளக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரே நிறுவனத்தில், ஒரே ஆண்டில் சேரும் பொறியாளர்களுக்குள் மூன்று மடங்கு வேறுபாடு. டி.சி.எஸ். நிறுவனமும் அண்மை ஆண்டுகளில் புதியவர்களை மூன்று தரமாகப் பிரித்து, சுமார் 3.36 லட்சம், 7 லட்சம், 9 லட்சத்துக்கு மேல் என்று ஊதியம் தருகிறது. நுழைவுத் தேர்வில் நிரல் எழுதும் திறன் எவ்வளவு என்பதே அங்குப் பெரிதும் தரத்தைத் தீர்மானிக்கிறது.

ஆக, திறமைக்கும் பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. மத்யன் நகரில் மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்துமாறு தந்தையிடம் பரிந்துரைத்த பெண், சிறந்த பணியாளருக்கு இரண்டு தகுதிகளைக் குறிப்பிட்டதாக ஸூரத்துல் கஸஸ் (28:26) எடுத்துரைக்கிறது: ஆற்றலும் நம்பகத்தன்மையும். மகனுக்கு ஊதியம் குறைவு என வருந்தும் பெற்றோர், அவன் மாலை நேரத்தில் கற்கிறானா, கைப்பேசியில் கழிக்கிறானா என்று அன்போடு கவனிப்பது கடமை. ஆனால் கற்றும் உழைத்தும் கூலித் தறியில் அமர்ந்திருப்பவனைச் சொந்தத் தறிக்காரனோடு ஒப்பிட்டு ஏசுவது எவ்வகையில் நியாயம்?

சொன்ன எண்ணும் கைக்கு வரும் எண்ணும்

நம் வீடுகளில் நடக்கும் ஒப்பீடுகளில் பாதி, தவறான எண்களின் மேல் நடப்பவை. நிறுவனம் சொல்லும் ஆண்டு ஊதியம் என்பது பிள்ளைக்காக அது செய்யும் மொத்தச் செலவு. அதில் வருங்கால வைப்புநிதிக்கு நிறுவனம் கட்டும் பங்கும், பணிக்கொடைக்கென ஒதுக்கும் தொகையும், செயல்திறனைப் பொறுத்துப் பின்னர் தரப்படும் மாறும் ஊதியமும் அடங்கும்.

ஓர் உதாரணக் கணக்கு: ஆண்டுக்கு 3,60,000 எனில் மாதம் 30,000 என்று நாம் எண்ணுவோம். அடிப்படை ஊதியம் 15,000 என வைத்துக்கொண்டால், நிறுவனத்தின் வைப்புநிதிப் பங்கு 12 விழுக்காடு, அதாவது 1,800. பணிக்கொடை ஒதுக்கீடு 4.81 விழுக்காடு, ஏறத்தாழ 720. மாறும் ஊதியம் ஆண்டுக்கு 30,000 எனில் மாதம் 2,500. பிள்ளையின் பங்காக வைப்புநிதிக்குப் பிடிப்பது 1,800. மீதி 23,180. காப்பீடும் தொழில் வரியும் இன்னும் கொஞ்சம் குறைக்கும். முப்பதாயிரம் என்று ஊரில் சொல்லியாகிவிட்டது; கைக்கு வருவதோ இருபத்துமூன்றாயிரம். பெரும் எண்களில் இவ்விடைவெளி இன்னும் விரியும். முதலாண்டில் மட்டும் தரும் சேர்க்கைத் தொகை, நான்காண்டுகளில் சிறிது சிறிதாக உரிமையாகும் நிறுவனப் பங்கு ஆகியவற்றையும் கூட்டித்தான் முப்பது லட்சம், நாற்பது லட்சம் என்று அறிவிக்கின்றனர்.

இங்கே நம் ஃபிக்ஹு நூல்கள் கூறும் இஜாரா சட்டம் பெரிதும் பயன்படுகிறது. கூலி ஒப்பந்தம் செல்லுபடியாவதற்குக் கூலி இன்னது என்பது இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். கூலியைத் தெரிவிக்காமல் ஒருவரை வேலைக்கு அமர்த்துவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஹதீஸ் வந்துள்ளது. கூலி பேசப்படாமல் வேலை நடந்து முடிந்திருந்தால், அது போன்ற வேலைக்கு வழக்கத்தில் தரப்படும் கூலியை, அதாவது அஜ்ருல் மிஸ்லை, கொடுக்க வேண்டும் என்பது ஃபுகஹாக்களின் தீர்ப்பு. ஆகவே வேலைக் கடிதம் வந்ததும் இனிப்பு வழங்குமுன், பிள்ளையும் பெற்றோரும் அமர்ந்து அதை வரிவரியாகப் படியுங்கள். மாதம் கைக்கு எவ்வளவு? மாறும் ஊதியம் எந்த நிபந்தனையில்? இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டுமா? விலகுமுன் எத்தனை நாள் அறிவிப்பு? கேட்பதில் வெட்கமில்லை, விவரம் தெரிந்த பின்னர் கையொப்பமிடுவதுதான் மார்க்கம் விரும்பும் முறை.

வாக்குறுதி என்னும் அமானிதம்

ஊதியத்தின் அளவைவிட, சொன்ன ஊதியம் கிடைக்கிறதா என்பது பெரிது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடறிந்த செய்தி ஒன்று. ஆண்டுக்கு 6.5 லட்சம் தருவதாகத் தேர்வு செய்து, மாதக்கணக்கில் காக்க வைத்த புதிய பட்டதாரிகளிடம், 3.5 லட்சத்திற்குச் சேரச் சம்மதமா என்று விப்ரோ கேட்டது. சந்தை நிலையை அது காரணமாகச் சொன்னது. காத்திருந்த பிள்ளைகளுள் எத்தனை பேர் அந்த 6.5 லட்சத்தை நம்பி வேறு வாய்ப்பை விட்டிருப்பர், எத்தனை வீடுகள் கல்விக் கடனுக்கு அதை நம்பியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதற்கு மறுபுறமாக நம் ஊரிலிருந்தே ஒரு முன்மாதிரி உண்டு. சரவணகுமார் என்பவர் 2011-இல் தொடங்கிய கோவை.கோ என்னும் மென்பொருள் நிறுவனம், 2022 இறுதிக்குள் சேர்ந்தவர்கள் மூன்றாண்டுப் பணியை நிறைவு செய்தால், ஆண்டு ஊதியத்தில் பாதியைக் கூடுதலாகத் தருவதாக அறிவித்திருந்தது. 2025-இன் தொடக்கத்தில் அவ்வாக்கை நிறைவேற்றத் தொடங்கியது. சுமார் 140 பேருக்கு, மொத்தம் ஏறத்தாழ 14 கோடி ரூபாய் என்று செய்திகள் கூறின.

ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்குர்ஆன் (5:1) விசுவாசிகளுக்குக் கட்டளையிடுகிறது. உழைப்பை முழுதாகப் பெற்றுக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரிப்பதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியதை நாம் மிம்பர்களில் அடிக்கடி கேட்கிறோம். சகோதர சமயத்தவர் ஒருவர் வாக்கைக் காப்பாற்றுவதைப் பாராட்டும் நாம், நம் கடைப் பையனின் சம்பளத்தை, நம் வீட்டுப் பணிப்பெண்ணின் சம்பளத்தை, மக்தபில் ஓதிக்கொடுப்பவரின் ஹதியாவை உரிய நாளில் கொடுக்கிறோமா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெருநிறுவனங்களைக் குறை கூறும் நாவுக்கு அந்த உரிமை அப்போதுதான் உண்டு.

வேறுபாடு என்பதே அநீதியா?

இளைஞர்கள் சிலர் கேட்கின்றனர்: ஒரே வேலைக்கு வேறு வேறு ஊதியம் என்பதே மார்க்கத்தில் கூடாததல்லவா? இக்கேள்விக்கு ஸஹாபாக்களின் காலத்திலேயே ஒரு வரலாறு உண்டு. அபூபக்கர் (ரலி) அவர்கள் பைத்துல்மாலின் செல்வத்தை மக்களுக்குச் சமமாகப் பங்கிட்டார்கள். முந்தி இஸ்லாத்தைத் தழுவியவர்களின் சிறப்புக்குக் கூலி அல்லாஹ்விடம் உண்டு, இதுவோ வாழ்க்கைச் செலவு, இதில் சமத்துவமே நன்று என்பது அவர்களின் கருத்து. உமர் (ரலி) அவர்கள் திவான் எனும் பதிவேட்டை ஏற்படுத்தியபோது வேறு முறையைக் கைக்கொண்டார்கள். முந்தியவர்களுக்கும் தியாகம் செய்தவர்களுக்கும் கூடுதலாக நிர்ணயித்தார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் தமது கிதாபுல் கராஜில் இவ்விரு முறைகளையும் பதிந்துள்ளார்கள்.

உமர் (ரலி) அவர்கள் உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களுக்கு 3,500 என்றும், தம் சொந்த மகன் அப்துல்லாஹ்வுக்கு 3,000 என்றும் நிர்ணயித்தார்கள். எந்தப் போரிலும் உஸாமா தம்மை முந்தியதில்லையே என்று மகன் காரணம் கேட்டார். உஸாமாவின் தந்தை உன் தந்தையைவிடவும், உஸாமா உன்னைவிடவும் நபி (ஸல்) அவர்களின் அன்புக்குரியவர்கள் என்று கலீஃபா விளக்கினார்கள். இச்செய்தி திர்மிதீயில் உள்ளது. இதில் மூன்று பாடங்கள் உள்ளன. வேறுபாடு இருந்தது, அதற்குக் காரணம் இருந்தது. குறைவாகப் பெற்றவர் காரணத்தைக் கேட்க முடிந்தது. அதிகாரத்தில் இருந்தவர் பதில் சொன்னார். உறவுக்காகக் கூட்டவில்லை, சொந்த மகனுக்கே குறைந்தது. குறைவாகப் பெற்ற அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) அவர்களின் மதிப்பு இந்த உம்மத்தில் குறைந்துவிடவும் இல்லை. 3,000 என்ற எண்ணை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்? அவர்கள் அறிவித்த ஹதீஸ்களையோ உலகமே ஓதுகிறது.

வாழ்க்கைத் தேவைகளைப் பங்கிட்டதும், சிலரைச் சிலரைவிட உயர்த்தியதும் தானே என அல்லாஹ் ஸூரத்துஸ் ஸுக்ருஃபில் (43:32) அறிவிக்கிறான். எனவே வேறுபாடு இருப்பது மட்டுமே அநீதியாகாது. மக்களுக்கு உரியதைக் குறைக்காதீர் என்று ஷுஐப் (அலை) அவர்கள் தம் சமூகத்தை எச்சரித்தார்கள். காரணத்தை மறைப்பதும், ஏமாற்றுவதும், ஒருவனின் நெருக்கடியைப் பார்த்துக் கூலியை அமுக்குவதும் அந்த எச்சரிக்கையின் கீழ் வரும்.

எங்கிருந்து வருகிறது அந்தக் கூடுதல்?

ஒப்பீட்டின் பெருந்தீங்கு, அது பிள்ளைகளைத் தள்ளும் இடத்தில் உள்ளது. மூன்று லட்சத்திலிருந்து எட்டு லட்சத்திற்குத் தாவப் பொய்யான அனுபவச் சான்றிதழை விலைக்கு வாங்குவோர் உண்டு. வீட்டிலிருந்தபடி ஒரு நிறுவனத்தின் நேரத்தில் இன்னொரு நிறுவனத்தின் வேலையை மறைவாகச் செய்வோரும் உண்டு. குறித்த நேரத்தை ஒருவருக்கே விற்றவரை ஃபிக்ஹில் அஜீர் காஸ் என்பர். அந்த நேரம் அவருடைய உடைமையன்று, அமானிதம். பொய்யால் உயர்ந்த ஊதியத்தில் பரகத்தை எப்படி எதிர்பார்ப்பது?

வருவாயின் மூலமும் கவனத்துக்குரியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு நிறுவனங்கள் பொறியாளர்களுக்குத் தாராளமாக ஊதியம் தந்தன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அத்தகைய விளையாட்டுகளைச் சட்டமியற்றித் தடைசெய்தது. சில நாள்களிலேயே அந்நிறுவனங்களில் ஆட்குறைப்பு தொடங்கியது. சூதாட்டத்தின் ஹராம் நமக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகத் தெரிந்த ஒன்று. வட்டி வங்கிகளுக்கான மென்பொருள் வேலையிலோ நேரடியாக வட்டிக் கணக்கை எழுதுவது, பொதுவான பணிகளைச் செய்வது எனப் பல நிலைகள் உண்டு. இதில் ஊரார் சொல்லைக் கேட்டு முடிவு செய்யாமல், தம் வேலையின் விவரத்தை ஓர் ஆலிமிடம் எடுத்துச் சொல்லித் தீர்ப்புக் கேட்பதே முறை. ஐம்பதாயிரம் குறைந்தாலும் தெளிவான ஹலாலைத் தேர்ந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அவனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுங்கள்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, உலகக் காரியங்களில் தமக்கு மேலிருப்பவரைப் பாராமல் கீழிருப்பவரைப் பார்க்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்த பாடத்தை உணவு விரிப்பில் உயிர்ப்பியுங்கள். மாதம் இருபத்துமூன்றாயிரம் கொண்டு வரும் மகனின் முன்னால் பக்கத்து வீட்டுக்காரனின் எழுபதாயிரத்தைப் பேசாதீர்கள். அவன் அத்தாவிடமிருந்து எதிர்பார்ப்பது ஒரு துஆவைத்தான்.

இரண்டாவதாக, நிக்காஹ் பேச்சில் மார்க்கப் பற்றும் குணமும் முதலில் விசாரிக்கப்படட்டும். அவை திருப்தியளித்தால் மணமுடித்துக் கொடுக்கும்படி நபிமொழி வந்துள்ளது. வறியவராயினும் அல்லாஹ் தன் அருளால் செல்வராக்குவான் என்ற வாக்குறுதி ஸூரத்துந் நூரில் (24:32) உள்ளது. ஊதியத்தையும் கேளுங்கள், தவறில்லை. கேட்டால் முழுமையாகக் கேளுங்கள்: கைக்கு எவ்வளவு, கடன் எவ்வளவு, வட்டியில் சிக்கியுள்ளாரா? மாதம் ஒரு லட்சம் வாங்கி, வீட்டுக்கும் காருக்கும் வட்டித் தவணையாக எழுபதாயிரம் கட்டுபவரைவிட, கடனின்றி முப்பதாயிரம் ஈட்டுபவரின் இல்லத்தில் நிம்மதி அதிகம்.

மூன்றாவதாக, துறையில் அனுபவம் பெற்ற நம் சகோதரர்கள் தாம் அறிந்ததை மறைக்காமல் இளையவர்களுக்குச் சொல்லட்டும். எந்த வகை நிறுவனம் எவ்வளவு தருகிறது, எதைக் கற்றால் மேலே செல்லலாம், வேலைக் கடிதத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை மாதம் ஒருமுறை அஸருக்குப் பின் மஹல்லா பள்ளிவாசலில் அரைமணி நேரம் எடுத்துரைத்தால் போதும். விவரம் தெரியாததாலேயே குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்ளும் பிள்ளைகள் பலர். அவர்களுக்கு வழிகாட்டுவதும் ஸதக்காவே.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு ஹலாலான, விசாலமான, பரகத் நிறைந்த ரிஸ்க்கைத் தந்தருள்வாயாக. அவர்களை ஆற்றலும் அமானிதமும் உள்ள பணியாளர்களாக ஆக்குவாயாக. பிறர் உழைப்பைப் பெறுவோராக எங்களை ஆக்கினால், அவர்களின் உரிமையைக் குறையாமல் கொடுப்போராகவும் ஆக்குவாயாக. நீ பங்கிட்டுத் தந்ததில் பொருந்திக்கொள்ளும் உள்ளத்தை எங்கள் இல்லங்களுக்கு வழங்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.